பெயர் சூட்டியவருக்கே மறுக்கப்பட்ட பெயர்

கூட்டு முயற்சியினால் விளைகின்ற புகழுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி கலையுலகில் மிகப் பழையது. பலர் கூடி உழைத்த களத்தில் விளைச்சல் வீடு சேரும் வேளையில் சிலரது களஞ்சியங்கள் மாத்திரமே நிரம்புவதையும், முதல் விதையை ஊன்றியவர் வெறுங்கையுடன் திரும்புவதையும் வரலாறு மீண்டும் மீண்டும் எமக்குக் காட்டி வந்துள்ளது. கடந்த நூற்றாண்டின் இசை வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணம் காட்ட வேண்டுமாயின், அமெரிக்கக் கறுப்பினப் பாடகி புளோரன்ஸ் பல்லார்டின் வாழ்க்கையை விடப் பொருத்தமானதொன்றைக் காண்பதரிது. 1960களில் பீட்டில்ஸ் குழுவினருடன் அமெரிக்க இசைத்தட்டு வரிசையின் முதலிடத்திற்குப் போட்டியிட்ட சுப்ரீம்ஸ் என்ற மூன்று பெண்களைக் கொண்ட குழு உருவாகக் காரணமாயிருந்தவர் அவர். அக்குழுவுக்கு அந்தப் பெயரைத் தெரிவு செய்தவரும் அவரே. ஆயினும், தாம் தெரிவு செய்த பெயரைத் தமது விளம்பரங்களில் பயன்படுத்தும் உரிமையைக் கூட இழந்தவராக, 32ஆவது வயதில் அவர் மறைந்தார்.

புளோரன்ஸ் 1943ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி மிச்சிகன் மாநிலத்தின் டெட்ரொயிட் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலவிய இன ஒதுக்கலுக்கும் பருத்தி வயல்களின் வறுமைக்கும் தப்பி, இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கிலுள்ள தொழில் நகரங்களை நாடிச் சென்ற காலம் அது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் தலைநகராக விளங்கிய டெட்ரொயிட் அவ்வாறு வந்தவர்களுக்குக் கூலியைக் கொடுத்தது. ஆனால், விரும்பிய இடத்தில் வாழும் உரிமையைக் கொடுக்கவில்லை. புளோரன்ஸின் பெற்றோரும் தெற்கிலிருந்து வந்தவர்களே. தந்தையார் ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்ட அந்தக் குடும்பம், கறுப்பினத் தொழிலாளருக்கென அரசாங்கம் அமைத்த புரூஸ்டர் - டக்ளஸ் குடியிருப்பில் வாழ்ந்தது. மாலை வேளைகளில் கிற்றார் வாசித்துப் பாடும் வழக்கமுடைய தந்தையாரே புளோரன்ஸின் முதல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடற்குழு அவரது இரண்டாவது பள்ளியாக அமைந்தது.

அமெரிக்காவில் ‘ஸோல்’ என அழைக்கப்படும் இசை, அந்நாட்டுக் கறுப்பின மக்களின் தேவாலயத்திலிருந்து வெளியே வந்த இசையாகும். ‘ஆன்மா’ என்பது அச்சொல்லின் பொருள். இறைவனை நோக்கி உருகிப் பாடிய அதே குரல், அதே கைதட்டல், அதே அழைப்பும் மறுமொழியுமான முறை, மானிடக் காதலையும் பிரிவையும் வறுமையையும் பாடத் தொடங்கியபோது ஸோல் பிறந்தது. ஆதலால், டெட்ரொயிட்டின் குடியிருப்புகளில் பாடத் தெரியாத பிள்ளையைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. தெருமுனைகளிலும் மாடிப்படிகளிலும் நான்கைந்து பேர் சேர்ந்து, வாத்தியங்கள் எதுவுமின்றிக் குரல்களை இணைத்துப் பாடுவது அக்கால இளைஞர்களின் பொழுதுபோக்கு.

1959ஆம் ஆண்டில் பிரைம்ஸ் என்ற ஆண்கள் குழுவின் முகாமையாளராக இருந்த மில்டன் ஜென்கின்ஸ், அதற்கு இணையாகப் பெண்கள் குழுவொன்றையும் அமைக்க விரும்பினார். அவரது கவனத்தை ஈர்த்தவர் 16 வயதை எட்டிக் கொண்டிருந்த புளோரன்ஸ். புளோரன்ஸ் தமது தோழி மேரி வில்சனை அழைத்து வந்தார். அதே குடியிருப்பைச் சேர்ந்த டயானா ரொஸ்ஸும், பெற்றி மக்லோன் என்ற மற்றொரு பெண்ணும் அவர்களுடன் இணைந்தனர். பிரைமெட்ஸ் என அக்குழு பெயர் பெற்றது. பிரைம்ஸ் குழுவைச் சேர்ந்த இருவர் பிற்காலத்தில் டெம்ப்டேஷன்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவின் தூண்களாயினர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. ஒரே முகாமையாளரின் நிழலில் ஸோல் இசையின் இரு பெரும் குழுக்கள் முளைவிட்டன.

அதே ஆண்டில் அதே நகரில் மற்றொரு முயற்சியும் ஆரம்பமாகியது. லிங்கன் - மேர்க்குரி வாகனத் தொழிற்சாலையில் முன்னர் தொழிலாளியாக இருந்த பெரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர், தமது குடும்ப நிதியத்திலிருந்து 800 டொலர் கடன் பெற்று இசைத்தட்டு நிறுவனமொன்றைத் தொடங்கினார். மோட்டார் நகரம் என்பதன் சுருக்கமாக அது பின்னர் மோட்டவுண் எனப் பெயர் பெற்றது. தொழிற்சாலையில் தாம் கண்ட முறையை அவர் இசைக்குப் பொருத்தினார். வெறும் இரும்புச் சட்டமாக ஒரு வாசலில் நுழைவது மறு வாசலில் பளபளக்கும் வாகனமாக வெளியேறுவதைப் போன்று, தெருவிலிருந்து வருகின்ற பிள்ளையை நட்சத்திரமாக்கி வெளியே அனுப்புவதே அவரது திட்டம். பாடல் எழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, நடனம் பயிற்ற ஒருவர், நடையுடை பாவனை கற்பிக்க ஒருவர், எந்தப் பாடல் வெளியாக வேண்டுமெனத் தீர்மானிக்க வாராந்தக் கூட்டம் என அங்கே அனைத்தும் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. வெள்ளையரின் கையிலிருந்த இசைத் தொழிலில் கறுப்பினத்தவர் ஒருவர் இத்தகைய நிறுவனத்தைக் கட்டியெழுப்பியமை சாதாரண சாதனையன்று.

1960இல் கனடாவின் வின்ட்சர் நகரில் நடைபெற்ற திறமைப் போட்டியில் பிரைமெட்ஸ் வென்றனர். ஆயினும், கோர்டி அவர்களை உடனடியாக ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வருமாறு அனுப்பிவிட்டார். அவர்களோ நாள்தோறும் பள்ளி விட்டதும் நிறுவனத்தின் வாயிலுக்கு வந்தனர். பிறருடைய பாடல்களுக்குக் கை தட்டினர். பின்னணிக் குரல் கொடுத்தனர். 1961 ஜனவரியில் அவர்களுடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. பழைய பெயரை மாற்ற வேண்டுமென நிறுவனம் கூறியது. தரப்பட்ட பட்டியலிலிருந்து புளோரன்ஸ் தெரிவு செய்த பெயரே சுப்ரீம்ஸ். மிக உயர்ந்தோர் என்பது அதன் பொருள். ஏனையோருக்கு அப்பெயர் முதலில் பிடிக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்திற்குச் சில மாதங்களுக்கு முன்னர், புளோரன்ஸின் வாழ்வில் ஆறாத காயமொன்று ஏற்பட்டிருந்தது. நடனக் கூடமொன்றிலிருந்து வீடு திரும்பும் வழியில், அறிமுகமான ஒருவரால் கத்தி முனையில் அவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 17. பல வாரங்கள் வீட்டை விட்டு வெளியேறாதிருந்த அவர், பின்னர் குழுவுக்குத் திரும்பினாலும் பழைய கலகலப்பும் மனிதர் மீதான நம்பிக்கையும் அவரிடம் முழுமையாகத் திரும்பவில்லை என மேரி வில்சன் 1986இல் வெளியிட்ட தமது நூலில் பதிவு செய்துள்ளார். உளவள ஆலோசனை என்ற சொல்லே சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத காலம் அது. இத்தகைய கொடுமைகள் நாலு சுவர்களுக்குள் புதைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவரது குடிப்பழக்கத்தையும் கோபத்தையும் பற்றி எழுதியவர்கள் பலர். அவற்றின் வேரைத் தேடியவர்கள் சிலரே.

தொடக்க ஆண்டுகளில் சுப்ரீம்ஸ் வெளியிட்ட இசைத்தட்டுகள் எவையும் பெரிதாக விற்கவில்லை. நிறுவனத்திற்குள்ளேயே அவர்கள் கேலிக்குள்ளாயினர். நான்காவது உறுப்பினரும் விலகிச் செல்ல, 1962இல் குழு மூவரடங்கியதாயிற்று. அக்காலத்தில் பாடலின் முதன்மைக் குரல் மூவரிடையேயும் மாறி மாறி வந்தது. மூவரில் தேவாலயத்தின் வலிமை மிகுந்த, கணீரென்ற குரல் புளோரன்ஸுடையது. ஆனால், வானொலியின் சிறிய ஒலிபெருக்கியில் தனித்துத் தெரிவதும் வெள்ளையின இளைஞர்களின் செவிக்கு அந்நியமாகத் தோன்றாததும் டயானாவின் மென்மையான குரலே எனக் கோர்டி கருதினார். டயானாவே இனி முதன்மைப் பாடகி என அவர் தீர்மானித்தார். வியாபாரக் கணக்கில் அத்தீர்மானம் பிழையானதன்று என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை நிரூபித்தன.

ஹொலண்ட் - டோசியர் - ஹொலண்ட் என்ற மூவர் அணி எழுதிய ‘வெயர் டிட் அவர் லவ் கோ’ என்ற பாடலை நிறுவனத்தின் மற்றொரு பெண்கள் குழு நிராகரித்தது. விருப்பமின்றியே சுப்ரீம்ஸ் அதனைப் பாடினர். 1964 கோடையில் நாடு தழுவிய இசைப் பயணமொன்றில், விளம்பரப் பட்டியலின் அடியில் பெயரற்றவர்களாகப் புறப்பட்ட அவர்கள், அப்பயணம் முடிவதற்குள் பிரதான கலைஞர்களாகி விட்டனர். ஒகஸ்டில் அப்பாடல் அமெரிக்க வரிசையில் முதலிடம் பெற்றது. அதனைத் தொடர்ந்து வந்த நான்கு பாடல்களும் அடுத்தடுத்து முதலிடத்தைப் பிடித்தன. 1964 முதல் 1969 வரை குழுவின் பாடல்கள் 12 முதலிடம் பெற்றன. அவற்றுள் 10 பாடல்கள் புளோரன்ஸ் குழுவிலிருந்த காலத்தவை. 1966இல் அவர்களது இசைத்தொகுப்பொன்று அமெரிக்கத் தொகுப்பு வரிசையில் முதலிடம் பெற்றது. பெண்கள் மாத்திரமே கொண்ட குழுவொன்று அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல் தடவை.

இந்த எண்ணிக்கைகளின் பெறுமதியை அக்காலச் சூழலில் வைத்தே அளக்க வேண்டும். 1962இல் மோட்டவுண் கலைஞர்கள் தென் மாநிலங்களில் பயணம் செய்தபோது, அலபாமாவின் பேர்மிங்ஹாமில் அவர்களது பஸ் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. உணவு விடுதிகளும் கழிவறைகளும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. இன ஒதுக்கலைத் தடை செய்யும் குடியியல் உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2ஆம் திகதியே கையெழுத்திடப்பட்டது. அந்த ஆண்டின் டிசம்பர் 27ஆம் திகதி இரவு, நாடெங்கும் பார்க்கப்பட்ட எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மூன்று கறுப்பினப் பெண்கள் கண்ணியமான உடையில் நிமிர்ந்து நின்று பாடினர். திரையில் கறுப்பினப் பெண் தோன்றினால் அவர் பெரும்பாலும் வேலைக்காரியாகவே இருப்பார் என்ற நிலைமையில், எத்தனையோ கறுப்பினச் சிறுமிகள் அன்று முதன்முறையாகத் தம்மைப் போன்றவர்களை அரசிகளாகக் கண்டனர். அம்மூவருள் ஒருவராகப் புளோரன்ஸ் நின்றார்.

வெளியே ஒளி பெருகப் பெருக, உள்ளே இருள் பரவியது. மேடையில் புளோரன்ஸுக்கென எஞ்சியிருந்த தனிப் பாடலும் காலப்போக்கில் டயானாவிடம் சென்றது. ஓய்வற்ற பயணங்கள் உடலை வருத்தின. மோட்டவுண் நிறுவனமே இசைத்தட்டு வெளியீட்டாளராகவும், கலைஞர்களின் முகாமையாளராகவும், பாடல்களின் பதிப்பாளராகவும் இருந்தது. ஒலிப்பதிவுச் செலவுகள் கலைஞர்களின் உரிமத் தொகையிலிருந்தே கழிக்கப்பட்டன. வரவையும் செலவையும் எழுதியது ஒரே கை. பதின்ம வயதில் கையொப்பமிட்ட பெண்களுக்குத் தமது உழைப்பின் முழுக் கணக்கும் தெரிய வழியிருக்கவில்லை. கேள்வி கேட்பவர் கலகக்காரியாகப் பார்க்கப்பட்டார். மனத்திலிருந்ததை மறைக்கத் தெரியாத புளோரன்ஸ் கேள்வி கேட்டார்.

குடிப்பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது. சில நிகழ்ச்சிகளுக்கு அவர் வரவில்லை. சிலவற்றுக்கு வரக்கூடிய நிலையில் இருக்கவில்லை. இதனை மறைத்து அவரைக் குற்றமற்றவராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. ஒரு குழு மேடையேற வேண்டுமாயின் மூவரும் நிற்க வேண்டும் என்ற நிறுவனத்தின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால், நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவம் தேடுவதற்கு முன்னர் மாற்று ஆளைத் தேடியமை அந்தத் தொழிற்சாலை முறையின் இயல்பைக் காட்டுகின்றது. 1967 ஏப்ரல் முதல், வேறொரு குழுவைச் சேர்ந்த சின்டி பேர்ட்சோங் பதிலாளாக ஆயத்தப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு நடுப்பகுதியில், லாஸ் வேகாஸின் பிளமிங்கோ ஹோட்டலில் நிகழ்ச்சிகள் நடந்து கொண்டிருந்த வேளையில் புளோரன்ஸ் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். குழுவின் பெயரும் ‘டயானா ரொஸ்ஸும் சுப்ரீம்ஸும்’ என மாற்றப்பட்டது. அதே ஜூலை மாதத்தின் இறுதி வாரத்தில் டெட்ரொயிட் நகரம் கலவரத்தில் எரிந்தது; 43 பேர் உயிரிழந்தனர். நகரமும் அதன் புதல்வியும் ஒரே கோடையில் உடைந்து போயினர்.

1968இல் செய்து கொள்ளப்பட்ட உடன்படிக்கையின்படி, ஏறக்குறைய 1 இலட்சத்து 40 ஆயிரம் டொலர் அவரது பங்காகத் தீர்க்கப்பட்டது. உலகம் முழுவதும் விற்றுத் தீர்ந்த இசைத்தட்டுகளுக்கான கணக்கு அத்துடன் முடிக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் மற்றொரு நிபந்தனையே கொடியது. தாம் சுப்ரீம்ஸ் குழுவின் முன்னாள் உறுப்பினர் என விளம்பரப்படுத்திக் கொள்ள அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏபிசி நிறுவனத்தில் தனிப் பாடகியாகச் சேர்ந்து அவர் வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளும் தோல்வியடைந்தன. இத்தகைய நிபந்தனையின் கீழ் அவை வெற்றி பெற்றிருந்தால்தான் வியப்பு. பத்து முறை முதலிடம் பெற்ற குரலை, முன்பின் கேள்விப்படாத புதுமுகமாக மக்கள் முன் நிறுத்த வேண்டியிருந்தது. பதிவு செய்யப்பட்ட முழுத் தொகுப்பும் வெளியிடப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டது.

கிடைத்த பணமும் நிலைக்கவில்லை. தமது சட்டத்தரணி தம்மை ஏமாற்றி விட்டதாக அவர் குற்றஞ்சாட்டினார். 1971இல் மோட்டவுண் நிறுவனத்திடம் 87 இலட்சம் டொலர் கோரி வழக்குத் தொடர்ந்தார். முன்னர் அவர் கையொப்பமிட்ட உடன்படிக்கை அவருக்கு எதிரான சான்றாக நின்றது; வழக்குத் தோற்றது. வீடு பறிபோனது. மோட்டவுணில் சாரதியாகப் பணியாற்றிய தோமஸ் சாப்மனுடனான மணவாழ்விலும் பிரிவு ஏற்பட்டது. மூன்று பெண் குழந்தைகளுடன் தனித்து நின்ற அவர், வறிய குடும்பங்களுக்கான அரச நலன்புரிக் கொடுப்பனவைப் பெறுகின்றார் என்ற செய்தி 1975இல் பத்திரிகைகளில் வெளிவந்தபோது அமெரிக்கா அதிர்ந்தது.

அந்த ஆண்டிலேயே சற்று வெளிச்சமும் தோன்றியது. காப்புறுதி இழப்பீடாகக் கிடைத்த பணத்தில் அவர் ஒரு வீட்டை வாங்கினார். கணவருடன் மீண்டும் இணைந்தார். 1975 ஜூன் 25ஆம் திகதி டெட்ரொயிட்டின் போர்ட் அரங்கில் நடந்த நிகழ்ச்சியொன்றில் மேடையேறினார். அது ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்குச் செலவுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாகும். சிறையில் தம்மைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முயன்ற காவலரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த அப்பெண், அவ்வாண்டு ஒகஸ்டில் விடுதலை செய்யப்பட்டார். பதினேழு வயதில் தமக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாதிருந்த புளோரன்ஸ், மீண்டும் மேடையில் நின்று பாடியது அத்தகைய இன்னொரு பெண்ணுக்காகவே. மக்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர்.

அந்த மீட்சி நீடிக்கவில்லை. 1976 பெப்ரவரி 22ஆம் திகதி, இருதய நாளத்தில் ஏற்பட்ட இரத்தக் கட்டியினால் அவர் டெட்ரொயிட் வைத்தியசாலையொன்றில் காலமானார். நியூ பெதல் பப்ரிஸ்ட் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். டயானா ரொஸ்ஸும் வந்திருந்தார். புளோரன்ஸின் பிள்ளைகளுக்காக அவர் நிதியமொன்றை ஏற்படுத்தினார் என்பதையும் நாம் பதிவு செய்ய வேண்டும். இக்கதையில் ஒருவரை மாத்திரம் வில்லனாக்கி விட்டு அமைதி கொள்வது எளிது. ஆனால், மூன்று சிறுமிகளையும் ஒருவருக்கொருவர் போட்டியாளராக்கிய ஏற்பாடே ஆராயப்பட வேண்டியது.

டயானா 1970 ஜனவரியில் குழுவை விட்டு விலகித் தனிப் பாதையில் பெரும் புகழ் எய்தினார். சுப்ரீம்ஸ் 1977இல் கலைந்தது. இறுதி வரை அதில் நின்ற மேரி வில்சனும் குழுவின் பெயருக்கான உரிமையை வழக்காடிப் பெற முடியவில்லை. எனினும் அவர் ஓயவில்லை. அசல் உறுப்பினர் எவருமின்றிப் பழைய குழுக்களின் பெயரில் நிகழ்ச்சி நடத்துவதைத் தடுக்கும் சட்டங்களுக்காக அமெரிக்க மாநிலங்கள் தோறும் அவர் குரல் கொடுத்தார். பல மாநிலங்கள் அத்தகைய சட்டங்களை இயற்றின. 2021 பெப்ரவரியில் அவரும் மறைந்தார்.

புளோரன்ஸுக்கு மறுக்கப்பட்ட அங்கீகாரம் தாமதமாகவேனும் வந்து சேர்ந்தது. 1981இல் நியூயோர்க்கில் அரங்கேறிய ‘டிரீம்கேர்ள்ஸ்’ இசை நாடகத்தில், குழுவிலிருந்து ஒதுக்கப்படும் வலிய குரலுடைய பாடகியின் பாத்திரத்தில் மக்கள் அவரைக் கண்டனர். அந்நாடகம் 2006இல் திரைப்படமானது. அப்பாத்திரத்தில் நடித்த ஜெனிபர் ஹட்சன் 2007இல் ஒஸ்கார் விருது பெற்றார். 1988இல் சுப்ரீம்ஸ் ரொக் அன்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது புளோரன்ஸின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டது. ஒதுக்கி வைக்கப்பட்ட அவரது தனிப் பாடல்கள், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னர் இசைவட்டாக வெளிவந்தன. 2023இல் கிராமி அமைப்பு சுப்ரீம்ஸுக்கு வாழ்நாள் சாதனை விருதை வழங்கியது. மூவரில் அன்று உயிருடனிருந்தவர் டயானா மாத்திரமே.

சுப்ரீம்ஸுக்குப் பின்னர் உலகெங்கும் தோன்றிய பெண்கள் இசைக்குழுக்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அவர்கள் வெட்டிய பாதையில் நடந்தவையே. அவர்களது பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. கூர்ந்து கேட்போர், முன்னணிக் குரலுக்குப் பின்னே அதனைத் தாங்கி நிற்கும் மற்றொரு குரலை இனங்காணலாம். அது வெறும் அலங்காரமன்று, கட்டடத்தின் அத்திவாரம்.

கலைஞர்களுக்கும் கலை நிறுவனங்களுக்கும் இவ்வாழ்க்கை விட்டுச் சென்ற பாடம் தெளிவானது. திறமையைக் கண்டுபிடித்து வளர்ப்பவருக்கு உரிய பங்கு உண்டு. ஆயினும், கணக்கை வைத்திருப்பவரே கலைஞரின் நலனுக்கும் பொறுப்பாளராக இருக்கும் இடத்தில் நீதியை எதிர்பார்க்க முடியாது. ஆர்வத்தின் வேகத்தில் இளையோர் இடுகின்ற கையொப்பம் அவர்களது எதிர்காலத்தையே எழுதிக் கொடுப்பதாக அமையக்கூடும். கையொப்பமிடும் முன்னர் வாசிப்பதும், தமக்கென ஒரு சட்டத்தரணியை நாடுவதும், கணக்கைக் கேட்பதும் நன்றிகெட்ட செயல்களல்ல. புளோரன்ஸ் பல்லார்ட் கேட்ட கேள்விகளுக்கு அவரது வாழ்நாளில் விடை கிடைக்கவில்லை. அக்கேள்விகளை அடுத்த தலைமுறைக் கலைஞர் ஒருவர் துணிந்து கேட்பாராயின், அதுவே அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாகும்.